பிரம்பும் கையெழுத்தும்

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எட்டுப் பக்கத்துக்கு எழுதிய கடிதம் இது. நடுவில் இரண்டு இடத்தில் பேனா மாறியிருக்கிறது. நாலைந்து நாள் விட்டு விட்டு எழுதியிருப்பார் போல. ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

பரம்பரையாகச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக் குடும்பம். கணவர் தனியார் கம்பெனியில் மேற்பார்வையாளர், சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. மகள் ஐந்தாம் வகுப்பு. மகன் ஐந்தாவது வரை ஊரிலேயே மிஷன் பள்ளியில் தமிழ் வழியில் படித்தான், நன்றாகவே படித்தான். ஆறாவதில் டவுனிலுள்ள ஆங்கில வழிப் பள்ளிக்கு மாற்றினார்கள். அதிலிருந்து மதிப்பெண் இறங்குமுகம். போன மாதம் கணக்கில் 100-க்கு 19. ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக் கொடுத்துவிட்டான்; பிடிபட்டான். அப்பா பெல்ட்டை உருவினார். மறுநாள் பையனின் கெண்டைக்காலில் தடிப்பைப் பார்த்த பி.டி. சார் வகுப்பு டீச்சரிடம் சொல்ல, அவர் தாயை வரச் சொல்லியிருக்கிறார். “சைக்கிள்ல இருந்து விழுந்துட்டான் டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம்.

இது முதல் தடவை இல்லை. அடித்து முடித்ததும் 119-ஆம் சங்கீதத்தை நோட்டில் எழுதச் சொல்வது கணவரின் வழக்கம். இப்போது பையன் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறான். அடுத்த வருஷம் திடப்படுத்தல் (சபையில் தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் சடங்கு) வகுப்புக்குப் பெயர் கொடுக்கவும் மாட்டானாம். கணவரோ, “பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்னு வேதமே சொல்லுது, எங்கப்பா அடிச்சதாலதான் நான் இன்னைக்கு ஆளா நிக்கிறேன்” என்கிறார். வெளி மாவட்டத்தில் ஓர் ஊழியக்காரர் நடத்தும் ஹாஸ்டலில் கொண்டுபோய் விடப் போவதாகவும் சொல்கிறார். புருஷனைத் தடுத்தால் கீழ்ப்படியாமை ஆகுமா, நான்தான் செல்லம் கொடுத்துக் கெடுத்தேனா, போலீஸ் வந்து அவரைப் பிடித்துப் போய்விடுமா, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளை மேல் தகப்பனுக்குத்தானே முழு உரிமை? இவைதான் அந்தத் தாயின் கேள்விகள்.

சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மூன்றாம் பக்கத்தில் ஓரமாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “ஆறாவது படிக்கும்போது ரெண்டு தடவை டெஸ்ட் பேப்பரில் அவருக்குத் தெரியாமல் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், வீட்டில் சண்டை வேண்டாமே என்று.” உங்கள் மகன் அப்பாவின் கையெழுத்தைப் போட எங்கே கற்றான் என்று இனி யோசிக்க வேண்டியதில்லை. கெட்ட மார்க் வந்தால் அப்பாவின் கண்ணில் படாமல் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்பதை 11 வயதிலேயே அவனுக்கு வீடு காட்டிக் கொடுத்துவிட்டது. அப்புறம் டீச்சரிடம் நீங்கள் சொன்ன சைக்கிள் கதை. அதை அவன் பக்கத்தில் நின்று கேட்டானா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அடிக்குப் பயந்து பையன் பொய் சொல்கிறான், அவனைக் காப்பாற்ற நீங்கள் பொய் சொல்கிறீர்கள், பொய் சொன்னதற்காக அவர் இன்னும் அடிக்கிறார். அவர் பெல்ட்டால் ஒழிக்க நினைக்கிற பொய்யை அந்தப் பெல்ட்டுதான் தீனி போட்டு வளர்க்கிறது. உங்கள் கணவருக்கு வேதத்தை விட, அடியை விட, இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

பிரம்பைப் பற்றி வேதம்

உங்கள் கணவர் சொல்கிற வசனம் வேதத்தில் இருக்கிறது. நீதிமொழிகள் 13:24. 23-ஆம் அதிகாரத்தில் இன்னும் நேரடியாகவே பிரம்பால் அடிப்பதைப் பற்றி வருகிறது. அதெல்லாம் இல்லை என்று நீங்கள் வாதாடினால் தோற்றுப்போவீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ‘பிரம்பு’ என்று நம் தமிழ் வேதாகமத்தில் இருக்கிற இடத்தில் எபிரெயத்தில் உள்ள சொல்லும், “உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்” என்று 23-ஆம் சங்கீதத்தில் வருகிற ‘கோல்’ என்பதற்கான சொல்லும் ஒன்றே. மேய்ப்பன் கையிலிருக்கும் கோல் அது. வழி தப்பிய ஆட்டை அதனால் திருப்புவான், வருகிற மிருகத்தை விரட்டுவான். கோலைக் கண்டதும் ஆடு தேறுதல் அடைகிறது என்கிறார் தாவீது. பெல்ட்டைக் கண்டதும் உங்கள் மகனுக்கு என்ன வருகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

பவுல் எபேசியர் 6:4-இல் பிதாக்களைக் கூப்பிட்டுச் சொல்கிற முதல் காரியமே பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்பதுதான். அதற்குப் பிறகுதான் சிட்சை வருகிறது. சிட்சை என்றதும் நமக்கு அடி ஞாபகம் வருகிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு ஒரு பிள்ளையைப் பயிற்றுவித்து ஆளாக்குகிற மொத்த வேலையும் பொருள். படிப்பும் அதற்குள் அடக்கம். கொலோசெயர் 3:21-இல் அதே கட்டளைக்குக் காரணமும் சொல்லியிருக்கிறது: பிள்ளைகள் ‘திடனற்றுப்போகாதபடி’. பையன் திடப்படுத்தலுக்கு வரமாட்டேன் என்கிறானே, இந்தச் சொல்லைக் கணவரோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு தடவை வாசியுங்கள்.

பிரம்பின் மேல் நமக்கிருக்கிற விசுவாசத்தில் பாதி, நீதிமொழிகளைச் சொன்ன சாலொமோனிடமிருந்து வந்ததில்லை என்பது என் அபிப்பிராயம். ‘அடியாத மாடு படியாது’, ‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்பதெல்லாம் சபைக்கு வெளியேயும் எல்லா வீட்டிலும் கேட்டதுதான். நாம் அதற்கு ஒரு வசன எண்ணைச் சேர்த்துக்கொண்டோம். சாலொமோனின் வீட்டிலேயே என்ன நடந்தது? அவர் மகன் ரெகொபெயாம் பட்டத்துக்கு வந்ததும் ஜனங்களிடம், என் தகப்பன் சவுக்குகளினால் தண்டித்தார், நான் தேள்களினால் தண்டிப்பேன் என்றான். பத்துக் கோத்திரம் கையைவிட்டுப் போனது. 1 இராஜாக்கள் 12-இல் இருக்கிறது.

சிட்சையே வேண்டாம் என்பதற்கும் வேதத்தில் இடமில்லை. ஆசாரியன் ஏலி தன் குமாரரை அடக்காமல் விட்ட கதை உங்களுக்குத் தெரியும். உங்கள் மகன் கையெழுத்துப் போட்டது தப்பு. அதற்கு அவன் விலை கொடுத்தே ஆகவேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

119-ஆம் சங்கீதம் எழுதுவதை மட்டும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். 176 வசனம். வேதத்தை நேசிக்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிற சங்கீதத்தை வீங்கிய காலோடு உட்கார்ந்து இம்போசிஷன் எழுதுகிற பையன், கோயிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவன் ஆண்டவரை மறுதலிக்கிறானா என்று கலங்கியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். திடப்படுத்தல் என்பது ஞானஸ்நானத்தில் பெற்றோர் சொன்னதைப் பிள்ளை தன் வாயால் தானே சொல்வது. காதைத் திருகிச் சொல்ல வைத்தால் அதற்கு அர்த்தமே இல்லை. ஒரு வருஷம் பிந்தினால் குடி முழுகிப் போகாது.

புருஷனுக்குக் கீழ்ப்படிவது

மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படியச் சொல்கிற எபேசியர் 5:22-ஐ நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தின வசனம் ‘ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்’ என்று இருக்கிறது. பிள்ளையை வளர்ப்பதில் தாய்க்கு வாய் இல்லை என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. நீதிமொழிகள் முதல் அதிகாரத்திலேயே தகப்பன் புத்தியும் தாயின் போதகமும் சேர்ந்தே வருகின்றன. தீமோத்தேயுவுக்கு விசுவாசம் வந்த வழியைச் சொல்லும்போது பவுல் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். பெல்ட்டுக்குக் குறுக்கே நிற்பது உங்கள் கடமை; அதில் பாவம் ஒன்றுமில்லை.

சட்டம்

இதில் உங்களுக்கு இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. வீட்டுக்குள் நடப்பதில் சட்டம் தலையிடாது என்பது ஒன்று. தலையிட்டால் உடனே கைவிலங்குதான் என்பது மற்றொன்று.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 75, 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், தேவையில்லாத உடல் வேதனையோ மன வேதனையோ உண்டாகும்படி தாக்கினால் குற்றம் என்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பெற்றோர் என்பதால் விலக்கு இல்லை. பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்தேன் என்று சொல்ல, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆம் பிரிவில் ஓரளவு இடம் உண்டு. அதுவும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளை விஷயத்தில்தான். உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். இதை மிரட்டலாகக் கணவரிடம் சொல்ல வேண்டாம். ஆனால் அவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை நீங்களும் கூப்பிடலாம், பையனே கூப்பிடலாம், அந்த டீச்சரும் கூப்பிடலாம். கூப்பிட்டால் விசாரிப்பார்கள், பேசுவார்கள், ஆலோசனைக்கு அனுப்புவார்கள். தேவைப்பட்டால் குழந்தைகள் நலக் குழுவின் முன் போகும். பிள்ளையின் பாதுகாப்புதான் அவர்கள் முதலில் பார்ப்பது. இன்னொரு தடவை காயம் வரும்படி அடி விழுந்தால், தயங்காதீர்கள். அவர் கை ஓங்குகிற நேரத்தில் வசனம் பேச வேண்டாம். பையனைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கோ உங்கள் அண்ணன் வீட்டுக்கோ போய்விடுங்கள். உங்கள் மேலும் கை படுகிறது என்றால் (கடிதத்தின் கடைசியில் ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறீர்கள், என்னால் படிக்க முடியவில்லை) 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது.

பிள்ளை தகப்பனுக்கே சொந்தம் என்பதும் சரியில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் பொருந்துகிற 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தில் ஒரு காலத்தில் தகப்பனுக்குத்தான் முன்னுரிமை இருந்தது. 2010-இல் அதைத் திருத்தித் தாயையும் சேர்த்தார்கள். எப்படியானாலும் நீதிமன்றம் பிள்ளையின் நலனைத்தான் பார்க்கும். உங்கள் விஷயம் நீதிமன்றம் வரை போகத் தேவையிருக்காது என்று நம்புகிறேன்.

டீச்சரிடம் போங்கள். சைக்கிள் கதையைத் திருத்திச் சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். பையனையும் கூட்டிப் போங்கள். அம்மா தான் சொன்ன பொய்யைத் திரும்பப் போய்ச் சரி செய்வதை அவன் நேரில் பார்க்கட்டும்.

19 மார்க்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஐந்தாம் பக்கம். லீவு நாளில் உங்கள் மாமனார் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததை எழுதியிருக்கிறீர்கள். ‘விகிதம்’ என்றால் போட்டுவிடுகிறானாம், ‘ரேஷியோ’ என்றால் விழிக்கிறானாம். புளியங்கொட்டையை மூன்றும் ஐந்துமாகப் பிரித்து வைத்துத் தாத்தா கேட்டதும் சட்டென்று விடை சொன்னானாம். சகோதரி, இந்தப் பையனுக்குக் கணக்கு வரும். கேள்விதான் அவனுக்கு விளங்கவில்லை. மூன்று வருஷமாக விளங்காத மொழியில் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறான், அதற்கு அடியும் வாங்குகிறான்.

பிள்ளையைப் படிக்க வைப்பது கிறிஸ்தவப் பெற்றோரின் கடமை என்று கணவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு காலத்திலிருந்து மிஷனும் பள்ளியும் சேர்ந்தே வளர்ந்த பூமி இது. அந்த ஜெர்மானியரே இங்கு வந்து முதலில் தமிழ் கற்றார், பிறகுதான் கற்பித்தார். உங்கள் மகனோ அவனுக்குத் தெரிந்த மொழியில் தொடங்கி, தெரியாத மொழிக்குப் பாலம் போடாமலே மாற்றப்பட்டவன். பாடப் புத்தகத்தின் தமிழ் வழிப் பதிப்பை வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். கணக்குச் சொற்களை இரண்டு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதட்டும். 119-ஆம் சங்கீதம் எழுதிய அதே நோட்டாகவும் இருக்கலாம், மிச்சப் பக்கம் இருந்தால். எட்டாம் வகுப்போடு தமிழ் வழிக்கே திருப்புவதைப் பற்றியும் யோசியுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அப்படியே கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது எண்ணை மாற்றி எழுதுகிறான் என்று டீச்சர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்.

கையெழுத்துக்குத் தண்டனை என்ன? அப்பாவும் மகனுமாகப் பள்ளிக்குப் போகட்டும். “இது நான் போட்ட கையெழுத்து டீச்சர்” என்று அவனே தன் வாயால் சொல்லட்டும். அப்பா பக்கத்தில் நின்று அதே கார்டில் தன் உண்மையான கையெழுத்தைப் போடட்டும், 19-க்குக் கீழே. ஒரு மாதம் மாலையில் மொபைல் கிடையாது, அந்த நேரம் தாத்தாவோடு கணக்கு. பெல்ட்டை விட இது அவனுக்குக் கஷ்டம், நம்புங்கள். அடி என்றால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஹாஸ்டல்

இப்போது வேண்டாம். வீட்டிலிருந்து துரத்தினார்கள் என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். கணவர் பிடிவாதமாக இருந்தால், தமிழ்நாட்டில் பிள்ளைகள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-இல் வந்த சட்டத்தின்படி அந்த ஹாஸ்டல் பதிவு பெற்றிருக்கிறதா என்று சான்றிதழைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். ‘ஸ்ட்ரிக்டா வளர்ப்பாங்க’ என்றால் என்ன அர்த்தம், யார் அடிப்பார்கள், வாரத்தில் எத்தனை நாள் வீட்டுக்குப் பேச விடுவார்கள் என்றும் கேளுங்கள். நல்ல ஊழியம் நடத்துகிறவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.

கணவரிடம் யார் பேசுவது

நீங்கள் தனியாகப் பேசினால் வசனச் சண்டையில் முடியும். சேகர குருவிடம் (உங்கள் சபைப் போதகரிடம்) போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் கமிட்டி மெம்பர் வீட்டு விவகாரம் என்று வெளியே கசிந்தால் உங்கள் கணவர் இன்னும் இறுகிப்போவார். எனக்குப் பட்ட ஆள் உங்கள் மாமனார்.

யோசித்துப் பாருங்கள். ‘எங்கப்பா அடிச்சதாலதான் ஆளானேன்’ என்று கணவர் சொல்கிற அப்பா அவர்தான். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அந்தக் காலத்தில் பிரம்பு இல்லாமல் வகுப்புக்கே போகாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே மனிதர்தான் இன்று பேரனுக்குப் புளியங்கொட்டை எண்ணிக் காட்டுகிறார். நடுவில் அவருக்குள் என்ன மாறியது என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. “மாமா, இவங்களை நீங்க அடிச்சு வளர்த்ததைப் பத்தி இப்ப என்ன நினைக்கிறீங்க?” என்று ஒரு நாள் சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது நீங்களே கேளுங்கள். சிலர் பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். அப்படிப் போனாலும் அவர் தம் மகனிடம் பேசுவார் என்றே எனக்குத் தோன்றுகிறது. என் தகப்பனாரும் பூவரசங்கம்பு வைத்திருந்தவர்தான். 70 வயதுக்கு மேல் ஒரு நாள், நான் கேட்காமலே, “உன்னைக் கொஞ்சம் ஜாஸ்தியா அடிச்சுட்டேன், என்ன” என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவர் கேட்ட தொனி மட்டும் ஞாபகமிருக்கிறது.

உங்கள் கணவர் கெட்டவர் என்று கடிதத்தைப் படித்து எனக்குத் தோன்றவில்லை. பையன் கெட்டுப்போவானோ என்று பயப்படுகிறார். அந்தப் பயத்துக்கு அவருக்குத் தெரிந்த ஒரே பாஷை பெல்ட். 12 வயது இயேசு சொல்லாமல் எருசலேமில் தங்கிவிட்டபோது மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்த மரியாள் என்ன செய்தாள்? ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய், நாங்கள் விசாரத்தோடு தேடினோமே என்று கேட்டாள். அவ்வளவுதான். தன் பயத்தைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொன்னாள். உங்கள் கணவரும் அதைச் சொல்லலாம்: “நீ என் கையெழுத்தைப் போட்டதும் எனக்குப் பயமாப் போச்சுடா.” அவருக்குக் கூச்சமாக இருக்கும். முதல் தடவை வராது.

இன்னொரு விஷயம். எட்டுப் பக்கக் கடிதத்தில் உங்கள் மகளைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது: “பொண்ணு பரவாயில்லை, சத்தமே போடமாட்டா.” அண்ணன் அடி வாங்கும்போது அவள் எங்கே நிற்கிறாள்? கதவுக்குப் பின்னாலா, போர்வைக்குள்ளா? 10 வயதுப் பிள்ளை சத்தமே போடாமல் இருப்பது எனக்கு நல்ல சேதியாகப் படவில்லை. இந்த வாரம் அவளை மட்டும் கூட்டிக்கொண்டு கடைக்கோ கடற்கரைக்கோ நடந்து போங்கள். ஒன்றும் கேட்க வேண்டாம், அவளாகப் பேசட்டும். அடுத்த கடிதம் எழுதினால் அவளைப் பற்றி எழுதுங்கள்.